பழைய பேனாவை உடனே தண்ணீரில் போடாதீர்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பழைய மைப்பேனாக்களைப் பற்றியவை. அதனால் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: அப்பாவின் மேசை டிராயரில் கறுப்பு நிறப் பேனா ஒன்று கிடைத்தது. பக்கவாட்டில் சின்ன லீவர் இருக்கிறது. மை காய்ந்து இறுகிப்போயிருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க வெந்நீரில் ஊறப்போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். போடலாமா?

வேண்டாம். நண்பர் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார், இப்போது வரும் பிளாஸ்டிக் பேனாக்களை ஊறப்போட்டால் ஒன்றும் ஆகாது (அவற்றுக்கும் வெந்நீர் தேவையில்லை, சாதாரணத் தண்ணீரே போதும்). ஆனால் லீவர் வைத்த பழைய கறுப்புப் பேனா என்றால் அது எபோனைட்டாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. எபோனைட் என்பது ரப்பரோடு ஏராளமாகக் கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய பொருள். பல வருடம் வெளிச்சம் பட்ட எபோனைட்டை ஈரத்தில் போட்டால், மேற்பரப்பில் இருக்கும் கந்தகம் வேலையைக் காட்டிவிடும், ராத்திரி கறுப்பாகப் போட்ட பேனாவைக் காலையில் மங்கிய பழுப்பு நிறத்தில் எடுப்பீர்கள். அந்தக் கறுப்பு பிறகு தானாகத் திரும்பி வராது.

எனவே எந்தப் பழைய பேனாவாக இருந்தாலும் முதல் வேலை அது எதனால் செய்தது என்று கண்டுபிடிப்பதுதான். இது தெரியாமல் செய்யும் எந்த வைத்தியமும் ஆபத்து. மூடியையோ உடலையோ ஒரே இடத்தில் கட்டைவிரலால் வேகமாகத் தேயுங்கள், விரல் சூடேறும்வரை. உடனே மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். ரப்பரும் கந்தகமும் கலந்த வாடை வந்தால் எபோனைட். லேசாகக் கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்ட், ஏனென்றால் அதைச் செய்யும்போதே கற்பூரம் சேர்ப்பார்கள். 1924-ல் ஷீஃபர் கம்பெனி பச்சை நிறத்தில் செல்லுலாய்ட் பேனாவைக் கொண்டுவந்த பிறகுதான் மற்ற கம்பெனிகளும் எபோனைட்டை விட்டு வண்ணங்களுக்கு மாறின. வரிவரியாக, முத்துச்சிப்பி போல மின்னும் பழைய பேனாக்களில் பெரும்பாலானவை இந்த வகை. செல்லுலாய்ட் கொஞ்ச நேரம் தண்ணீர் பட்டால் தாங்கும், ஆனால் ஸ்பிரிட்டும் அசிட்டோனும் பட்டால் கரையும், சூடு கூடினால் வளையும், நெருப்புப் பட்டால் குபீரென்று பற்றிக்கொள்ளும்.

மூன்றாவதாக கேசீன் என்று ஒன்று உண்டு. பாலில் இருக்கும் புரதத்தை ஃபார்மலினில் இறுக்கிச் செய்தது. இங்கிலாந்தின் கான்வே ஸ்டூவர்ட் கம்பெனி இதில் மிக அழகான வண்ணங்களில் பேனாக்கள் செய்தது. கேசீன் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும், காயும்போது விரிசல் விடும். அதை ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உங்கள் பேனாவுக்கு இப்போது செய்யக்கூடியது இவ்வளவுதான்: சின்னக் கிண்ணத்தில் அரை அங்குல ஆழத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் விட்டு, நிப்பு மட்டும் மூழ்கும்படி பேனாவைச் சாய்த்து நிறுத்துங்கள். விரல் வைத்துப் பிடிக்கும் கழுத்துப் பகுதியில் தண்ணீர் படக்கூடாது. மை கரைந்து இறங்குவது கண்ணுக்கே தெரியும், தண்ணீர் கலங்கக் கலங்க மாற்றுங்கள். அப்புறம் இன்னொன்று, அந்த லீவரைத் தூக்கிப் பார்க்காதீர்கள். உள்ளே மையைப் பிடித்துவைக்கும் ரப்பர் பை இத்தனை வருடத்தில் கல்லாக இறுகியிருக்கும், லீவரை இழுத்தால் பை நசுங்காது, லீவர்தான் வளையும், இல்லாவிட்டால் அதைப் பிடித்திருக்கும் ஊசி பிய்த்துக்கொண்டு வரும். எல்லாருக்கும் முதலில் கை போவது அந்த லீவரில்தான்.

கேள்வி: பேனாவைத் திறக்கவே முடியவில்லை. கழுத்து அசையவில்லை. பிளையர் வைத்துத் திருப்பலாமா? திருகா, சொருகலா என்பதும் தெரியவில்லை.

லீவர் பேனாக்களில் நாம் விரல் வைத்துப் பிடிக்கும் கழுத்துப் பகுதி பெரும்பாலும் வெறும் சொருகல்தான். மரை இருக்கும் மாடல்களும் உண்டு. எதுவென்று உங்கள் மாடலின் பெயரை வைத்து முன்கூட்டியே தேடித் தெரிந்துகொள்ளுங்கள். தெரியவில்லையென்றால் மரை இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, இடப்பக்கம் திருப்பியபடியே மெதுவாக வெளியே இழுப்பதுதான் இரண்டுக்கும் ஒத்துவரும் வழி.

அதற்கு முன்னால் சூடு. ஈரச்சூடு கூடாது, உலர்ந்த சூடுதான் வேண்டும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, கழுத்தும் உடலும் சேரும் இடத்தை மட்டும், பேனாவை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டே காட்டுங்கள். செல்லுலாய்ட் சுமார் 70 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும், எனவே அதற்கு வெகு முன்பே நிறுத்திவிட வேண்டும். இதற்குத் தெர்மாமீட்டர் வேண்டாம், உங்கள் விரலே போதும்: தொட்டால் நன்றாகச் சுடுகிறது, ஆனால் விரலை எடுக்காமல் வைத்திருக்க முடிகிறது என்றால் அதுதான் அளவு. விரலைச் சட்டென்று எடுக்கத் தோன்றினால் அளவு தாண்டிவிட்டது, ஆறவிடுங்கள். நெருப்புக்குச்சி, மெழுகுவர்த்தி, கேஸ் அடுப்பு, எதையும் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

சூடாக்கியதும் இரண்டு கைகளிலும் பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பர் துண்டை வைத்துப் பிடித்துக்கொண்டு, மெல்ல அப்படியும் இப்படியுமாக அசையுங்கள். ஒரே மூச்சில் வருவது அபூர்வம். சூடு, அசைப்பு, ஆறவிடுதல், மறுபடி சூடு என்று நாள் கணக்கில்கூடப் போகும், போகட்டும். ஒரு முடியளவு இடைவெளி கோடு போலத் தெரியத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது என்று அர்த்தம். பிடிக்கும்போது உடலின் வாய்ப்பக்கத்தை அழுத்தாதீர்கள், சுவர் அங்கேதான் மெல்லியதாக இருக்கும், விரிசல் விழுவதும் அங்கேதான்.

பிளையரைப் பொறுத்தவரை, பல்லுள்ள சாதாரண பிளையர் வேண்டவே வேண்டாம், ஒரே பிடியில் கழுத்தில் அழியாத தழும்பு போட்டுவிடும். பேனா வேலைக்கென்றே வாயில் ரப்பர் உறை போட்ட குறடு கிடைக்கிறது. அதைக்கூட பலம் கூட்டுவதற்காக வைத்துக்கொள்ளக்கூடாது, வழுக்காமல் பிடிப்பதற்காக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: திறந்துவிட்டேன். உள்ளேயிருந்து கறுப்புக் கறுப்பாகத் துகள்கள் கொட்டின. ரப்பர் பையை நானே மாற்ற முடியுமா? எந்த அளவு வாங்குவது, எதை வைத்து ஒட்டுவது?

தாராளமாக முடியும். வீட்டில் செய்யக்கூடிய பேனா வேலைகளிலேயே அதிகத் திருப்தி தருவது இதுதான். பல வருடம் செத்துக்கிடந்த பேனா மறுநாள் மை குடிக்கும்.

கொட்டியது பழைய பையின் மிச்சம். முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். உடலைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள், பிறகு நீளமான குச்சியாலோ கொக்கியுள்ள கம்பியாலோ சுவரை ஒட்டிச் சுரண்டுங்கள். உள்ளே லீவருக்கு அடியில் ஒரு நீளமான உலோகப் பட்டை இருக்கும். லீவர் அமுக்க, அந்தப் பட்டை பையை அமுக்கும், விடும்போது பை விரிந்து மையை உறிஞ்சும், பேனா நிரம்புவது இப்படித்தான். வால்டர் ஷீஃபர் என்ற அமெரிக்க நகை வியாபாரி 1908-ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. பட்டை துரு பிடிக்காமல் வளையாமல் இருந்தால் அதை வெளியே எடுக்காதீர்கள், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். துருப்பிடித்து ஒடிந்திருந்தால் அதே நீளத்தில் புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.

கழுத்தின் பின்பக்கம் ஒரு முலைக்காம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும், பையை மாட்டும் இடம் அது. அதில் பழைய ரப்பரும் பழைய அரக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தாலும் மழுங்கிய கத்தியாலும் சுரண்டி, முழுக்க வழவழப்பாக்குங்கள். இந்தச் சுத்தத்தில் அவசரப்பட்டால் பின்னால் அந்த இடத்தில்தான் மை கசியும்.

அடுத்தது அளவு. பைகளின் மேல் எண் போட்டு விற்பார்கள், அந்த எண் பையின் விட்டத்தை அங்குலத்தில் அறுபத்துநாலில் எத்தனை பங்கு என்று சொல்வது. 16-ஆம் எண் என்றால் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். 18 என்றால் சுமார் 7.1 மில்லிமீட்டர், 20 என்றால் சுமார் 7.9. நிறைய மை பிடிக்கட்டும் என்று பெரிய பை வாங்கத்தான் எல்லாருக்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். உள்ளே பட்டையும் இருக்கிறது, பை அமுங்கி விரிய இடமும் வேண்டும். சுவரில் உரசாமல் தாராளமாக உள்ளே போய்வரும் அளவுதான் சரியானது. சுவரில் ஒட்டி நிற்கும் பை முழுதாக விரியாது, அதனால் பெரிய பைதான் கடைசியில் குறைவாக மை பிடிக்கும்.

நீளம்: உடலின் உள் ஆழத்தை ஒரு குச்சியால் அளந்துகொள்ளுங்கள். காம்பில் மாட்டிய பை உள்ளே போனால் அடிப்பக்கத்தை முட்டாமல் மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி, வாய்ப்பக்கத்தை நேராக வெட்டுங்கள். கோணலாக வெட்டினால் ஒட்டும் பரப்பு ஒரு பக்கம் குறைந்துவிடும்.

ஒட்டுவதற்கு அவலரக்கு, அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த ஷெல்லாக். வேறெதுவும் வேண்டாம். உடனே ஒட்டும் பசைகளைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள், நான் கடுமையாக எதிர்க்கிறேன். ரப்பர் பை நிரந்தரமானதல்ல, இன்னும் சில பத்தாண்டுகள் கழித்து யாரோ ஒருவர் இதைக் கழற்றியாக வேண்டும். அரக்கு லேசான சூட்டில் விட்டுக்கொடுக்கும், தண்ணீரிலும் மையிலும் கரையாது. அந்தப் பசை போட்டால் அவர் பையோடு காம்பையும் உடைத்துத்தான் எடுப்பார்.

காம்பில் மெல்லியதாக ஒரு பூச்சு பூசி, பையின் வாயை மழுங்கிய இடுக்கியால் விரித்துப் பிடித்து, மேலே ஏற்றுங்கள். அரக்கு ஈரமாக இருக்கும்போதே பையைச் சுருக்கமில்லாமல் நேர்செய்துவிட வேண்டும். பை கழுத்தின் விளிம்பு வரை போய் முட்டட்டும். ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் பையின் மேல் சுத்தமான டால்க் தூவித் தடவி, அதிகப்படியை ஊதிவிட்டு, கழுத்தைத் திரும்பச் சொருகுங்கள். பட்டையோடு பை உரசாமல் இருக்கத்தான் டால்க். வாசனைப் பவுடர் போடாதீர்கள், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கழுத்துச் சொருகலில் பசை எதுவும் வேண்டாம், தொய்வாக இருந்தால் மட்டும் அரக்கு துளியளவு.

முதல் முறை தண்ணீரில்தான் நிரப்பிப் பார்க்க வேண்டும். லீவரை மெதுவாகத் தூக்கினால் குமிழிகள் வரும். லீவரை இறக்கியதும் நிப்பைத் தண்ணீரிலிருந்து உடனே எடுத்துவிடாமல் பத்து விநாடி பொறுங்கள், பை விரிந்து உறிஞ்ச அந்த நேரம் வேண்டும். பிறகு ஒரு காகிதத்தின் மேல் நிப்பு கீழே பார்க்கும்படி கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள், சொட்டவில்லை என்றால் மை ஊற்றலாம்.

வெளிர் நிறச் செல்லுலாய்ட் பேனா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: இயற்கை ரப்பர் பை காலப்போக்கில் விடும் வாயு அந்த நிறங்களை உள்ளிருந்தே பழுப்பாக்கிவிடும். பழைய பேனாக்களில் மூடி பளிச்சென்றும் உடல் மங்கியும் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அவற்றுக்கு சிலிகான் பையோ பிவிசி பையோ போடுங்கள்.

கேள்வி: பார்க்கர் 51 ஒன்று வைத்திருக்கிறேன். உடலைக் கழற்றினால் உலோகக் கூட்டுக்குள் பழுப்பேறிய ட்யூப் தெரிகிறது. அதையும் மாற்றிவிடவா?

தொடாதீர்கள். 1941-ல் சந்தைக்கு வந்த பார்க்கர் 51 முதலில் வேறு முறையில், வேக்குமேட்டிக் என்ற ரப்பர் சவ்வு முறையில்தான் மை நிரப்பியது. நீங்கள் சொல்லும் உலோகக் கூடு 1948-ல் வந்தது. அதற்குள் இருக்கும் பை ரப்பர் இல்லை, பிவிசி. நிறம் மாறியிருந்தாலும் பல பேனாக்களில் அது இன்றைக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றிப் பாருங்கள், ஒழுகவில்லை என்றால் அது நல்ல பைதான்.

இந்தப் பேனாவில் பொறுமை வேண்டிய இடம் வேறு. நிப்பை மூடியிருக்கும் கூட்டுக்குள் சீப்பு போல அடுக்கடுக்கான பள்ளங்கள் கொண்ட ஒரு பாகம் இருக்கிறது, மிகுதி மை அதில்தான் தங்கும், அதனால் காய்ந்த மையும் அதில்தான் அடைந்திருக்கும். ஐந்தாறு முறை அமுக்கித் தெளிந்த தண்ணீர் வந்துவிட்டது என்று நினைப்பீர்கள், ஒரு மணி நேரம் கழித்து அமுக்கினால் மறுபடி நீலமாக வரும். தண்ணீர் நிரப்பி, ஈரமான துணி வைத்த கிண்ணத்தில் நிப்பு கீழாக நிறுத்தி ராத்திரி விட்டுவிட்டு, காலையில் மறுபடி செய்யுங்கள். உடல் லூசைட் என்ற அக்ரிலிக் என்பதால் தண்ணீரால் கெடுதல் இல்லை. இப்படிப் பல நாள் செய்தும் மை வராவிட்டால் மட்டுமே கூட்டைக் கழற்ற யோசிக்க வேண்டும், அதுவும் உலர்ந்த சூட்டில்தான்.

கேள்வி: பின்பக்கத்தைத் திருகி மை ஏற்றும் பெலிக்கன் பேனா. குமிழ் திரும்பவே மாட்டேன் என்கிறது.

பலம் போடாதீர்கள், முதலில் முறிவது குமிழின் தண்டு. 1929-ல் பெலிக்கன் கொண்டுவந்த இந்த பிஸ்டன் ஏற்பாட்டில், காய்ந்த மை பிஸ்டனைச் சுவரோடு ஒட்டவைத்திருக்கும். நிப்பு வழியாகவே உள்ளே சில சொட்டுத் தண்ணீர் விட்டு, நிப்பு மேலே பார்க்க நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். தானாக இளகும். இளகினதும் உள்சுவரில் சிலிகான் கிரீஸை மெல்லிய குச்சியால், கண்ணுக்குத் தெரியும் தெரியாத அளவில் தடவினால் வெண்ணெயாக ஓடும். வாஸ்லின், மெஷின் ஆயில் இரண்டும் கூடாது. மிகப் பழைய மாடல்களில் மை கசியாமல் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் அடைப்பு தக்கையால் செய்தது, அது சுருங்கியிருந்தால் புதிதாக மாற்றித்தான் ஆக வேண்டும், எந்த கிரீஸும் உதவாது.

கேள்வி: நிப்பு காகிதத்தைக் கீறுகிறது. உப்புத்தாளில் தேய்த்தால் வழவழப்பாகும் என்று வீடியோவில் பார்த்தேன்.

தேய்ப்பதற்கு முன்னால் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், பழைய பேனா வைத்திருப்பவர்களுக்கு இதைவிட உபயோகமான சாமான் கிடையாது. நிப்பின் முனையை உங்கள் கண்ணுக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் பிளந்திருக்கும் இரண்டு பாதிகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா? கீறும் நிப்புகளில் மிகப் பலவற்றின் நோய் இதுதான், ஒரு பாதி தலைமுடி அளவு மேலே ஏறியிருக்கும், அதன் ஓரம் காகித இழையில் மாட்டும். ஒரு திசையில் இழுக்கும்போது மட்டும் கீறினால் இது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

மேலே இருக்கும் பாதியின் முனையைக் கட்டைவிரல் நகத்தால் கீழ்நோக்கி லேசாக அழுத்தி, சில விநாடி பிடித்து, விட்டுவிட்டு, மறுபடி லென்ஸில் பாருங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் பார்க்க வேண்டும். தங்க நிப்பு மென்மையானது, சீக்கிரம் சொன்னபடி கேட்கும், சீக்கிரம் கெட்டும் போகும். நிப்பில் 585 அல்லது 14 என்று பொறித்திருந்தால் 14 காரட்.

எழுதும் முனையில் சின்ன உருண்டையாக ஒட்டவைத்திருப்பது தங்கம் இல்லை, ஆஸ்மியம், ருத்தேனியம் போன்றவை கலந்த கடினமான கலவை. தங்கத்தை மட்டும் வைத்து எழுதினால் சீக்கிரமே தேய்ந்துவிடும் என்பதற்காக அது. உப்புத்தாள் அந்த உருண்டையைத்தான் தின்னும், தின்றதை வீட்டில் திரும்ப வைக்க முடியாது. பாதிகள் சமமாக இருந்தும் கீறினால், 12,000 எண் கொண்ட மைக்ரோமெஷ் என்ற மிக நுண்ணிய பாலிஷ் தாளில், நிப்பில் மை இருக்கும்போது, எழுதும் எடையிலேயே எட்டு வடிவத்தை நாலைந்து தரம் போட்டுவிட்டு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழுக்கும்வரை தேய்ப்பது தப்பு. பிளவின் ஓரங்கள் அளவுக்கு மேல் உருண்டுபோனால் மை காகிதத்தைத் தொடாமல் உள்ளேயே நின்றுவிடும், முதல் எழுத்து விழாது.

கேள்வி: சுத்தம் செய்தாயிற்று, பையும் புதிது, ஆனாலும் அரைப் பக்கம் எழுதியதும் மை நின்றுவிடுகிறது.

மை வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். லூயிஸ் வாட்டர்மேன் 1884-ல் காப்புரிமை பெற்றது இந்தக் காரியத்தைச் செய்யும் கட்டைக்குத்தான், நிப்புக்கு அடியில் மெல்லிய பள்ளங்களோடு இருக்குமே அது. பள்ளத்தில் மை அடைத்திருந்தால் அரைப் பக்கத்தில் நிற்கும், நீங்கள் சொல்வது அப்படியே அதன் அறிகுறி. ஒரு பங்கு வீட்டு உபயோக அம்மோனியாவுக்குப் பத்துப் பங்கு தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், இதில் நிப்பையும் கட்டையையும் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். கேசீன் பேனாவுக்கும் பித்தளை, அலுமினியப் பாகங்களுக்கும் இது ஆகாது. ப்ளீச்சோடு அம்மோனியாவை ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு வரும்.

அடைப்பு இல்லையென்றால் நிப்புக்கும் கட்டைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இடைவெளி. எபோனைட் கட்டையாக இருந்தால் நிப்பும் கட்டையும் மட்டும் கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழான வெந்நீரில் அரை நிமிடம் இருக்கட்டும், எடுத்ததும் கட்டையை நிப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக் குளிர்ந்த தண்ணீரில் காட்டினால் அந்த வளைவிலேயே நின்றுவிடும். பிளாஸ்டிக் கட்டையில் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: பழுப்பேறிய எபோனைட்டைத் திரும்பக் கறுப்பாக்க வழி உண்டா? மேலே யாருடைய பெயரோ பொறித்திருக்கிறது, அதையும் எடுத்துவிட நினைக்கிறேன்.

தேய்த்தால் கறுப்பாகும். ஆனால் பழைய எபோனைட் பேனாக்களில் அலை அலையாக மெல்லிய கோடுகள் பொறித்திருப்பார்கள், விரல் நுனியால் தடவினால் தெரியும், பாலிஷ் போடப் போட அந்தக் கோடுகள் அடையாளம் தெரியாமல் போகும். பேனாவுக்கு அழகே அந்தக் கோடுகள்தான் என்பது என் கட்சி. கோடே இல்லாத வழவழப்பான உடல் என்றால் தேய்ப்பது உங்கள் விருப்பம். கறுப்புச் சாயம் பூசுவதை மட்டும் செய்யாதீர்கள், விற்கும்போது வாங்குபவரை ஏமாற்றியதாகிவிடும்.

பெயரை எடுக்காதீர்கள். எடுத்தால் அந்த இடம் பள்ளமாகத் தெரியும், பேனா யாருடையது என்ற விவரமும் போய்விடும்.

கேள்வி: மூடியின் விளிம்பில் மெல்லிய விரிசல். ஒட்டலாமா?

செல்லுலாய்டாக இருந்தால் அதே பொருளைக் கரைக்கும் திரவத்தை விரிசலில் ஓடவிட்டு இரண்டு பக்கத்தையும் உருக்கிச் சேர்ப்பார்கள், சரியாகச் செய்தால் கோடுகூடத் தெரியாது. ஆனால் ஒரு சொட்டு வெளியே வழிந்தாலும் அங்கே தழும்பு. முதல் பேனாவில் முயற்சிக்கும் வேலை இல்லை இது, கைதேர்ந்தவரிடம் கொடுங்கள். அதுவரை மூடியை இறுக்கித் திருகாதீர்கள், மூடியைப் பேனாவின் பின்னால் செருகி எழுதவும் வேண்டாம், விரிசல் நீள்வதற்கு அந்த அழுத்தமே போதும்.

கேள்வி: எல்லாம் சரியாகிவிட்டது. என்ன மை போடுவது?

சாயத்தால் செய்த சாதாரண நீல மை. கழுவினால் போய்விடும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. ஓவியத்துக்கு விற்கும் இந்தியன் இங்க் பக்கமே போகாதீர்கள், அதில் அரக்கு இருக்கும், உள்ளே காய்ந்தால் கட்டையைத் தூக்கிப்போட வேண்டியதுதான். மினுமினுப்புத் துகள் கலந்த மைகளும் பழைய பேனாவின் மெல்லிய பள்ளங்களில் தங்கிவிடும். சிவப்பு, ஊதா மைகளில் சில, செல்லுலாய்டிலும் பையிலும் கறை விடும், அவற்றைப் புதுப் பேனாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்கு எழுதப்போவதில்லை என்றால் மையை வெளியேற்றி, தண்ணீரில் அலசி, நிப்பைத் துணியில் ஒற்றி, லீவரை மூடிய நிலையில், வெயில் படாத டிராயரில் வையுங்கள்.